பங்கில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்கு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் ஊர் ஊராகக் கல்லறைத் தோட்டங்களில் வேலை நடந்துகொண்டிருக்கும். ஐப்பசி மழையில் முழங்கால் உயரம் வளர்ந்த புல்லை வெட்டி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மங்கிப்போன பெயர்களின் மேல் கறுப்புப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள். நவம்பர் 2 சாயங்காலம் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, தென் மாவட்டங்களில் மற்றச் சபையாரும் பல ஊர்களில் அன்றைக்குக் கல்லறைக்குப் போவதுண்டு.

இந்த மாதத்தில் நமக்கு வரும் கடிதங்களிலும் பரலோகத்தைப் பற்றிய கேள்விகளே அதிகம். அப்பாவை அங்கே அடையாளம் கண்டுகொள்வேனா என்று கேட்பார்கள். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே போய்விட்ட கைக்குழந்தை எங்கே இருக்கும் என்று ஒரு தாய் கேட்பார். ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் ஒரு வீடு அழுதுகொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் எதையும் அச்சடித்த பதிலால் திருப்பி அனுப்புவதில்லை.

ஆனால் இந்த முறை ஒரு சகோதரியின் கடிதம் என்னை வேறு எந்த வேலையும் செய்யவிடவில்லை. பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தகப்பனார் காலமான சில மாதங்களில் அண்ணன்மார் அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவர் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்திருந்தாராம். ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் கையெழுத்து, பிறகு விரல் ரேகை, பிறகு கேமராவுக்கு முகம். அது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் என்பதே அவருக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. வெளியே வந்ததும் பெரிய அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதலாகச் சொன்னாராம்: “உனக்கு ஆண்டவர் மேலே பெரிய சுதந்தரம் வச்சிருக்காரும்மா. இந்த நாலு சென்ட்டு உனக்கு எதுக்கு?”

சகோதரியின் கேள்வி இதுதான்: அண்ணன் சொன்னது வேதத்தின்படி உண்மைதானே? உண்மையென்றால் எனக்கு ஏன் இப்படி வலிக்கிறது? பரலோக சுதந்தரத்தை விசுவாசிக்கிறவள் இதற்காக அழுவது பாவமா?

அம்மா, நீங்கள் அழுவது பாவமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பரலோக சுதந்தரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அதிகமாகத் திறக்கிற இடம் பேதுருவின் முதலாம் நிருபத்தின் தொடக்கம். இயேசு கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததினாலே நமக்கு ஒரு புதுப் பிறப்பு கிடைத்திருக்கிறது என்கிறார் பேதுரு. பிறந்தவர்களுக்குச் சொத்தும் உண்டு. அந்தச் சொத்து அழியாது, கறைபடாது, வாடாது. இஸ்ரவேலர் சுதந்தரித்த கானான் தேசம் இந்த மூன்றையும் அனுபவித்த தேசம். அந்நியப் படைகள் அதை அழித்தன, விக்கிரகங்கள் கறைப்படுத்தின, மழை பெய்யாத வருஷங்களில் அது வாடியும் போனது. அப்படியல்லாத ஒன்று நமக்காகப் பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் சொல்கிறார்: அதைப் பெறப்போகிறவர்களையும் தேவன் தம் வல்லமையால் காத்துவருகிறார். சொத்தும் பத்திரம், வாரிசும் பத்திரம். வாரிசு வழியிலே தொலைந்துபோனால் சொத்து இருந்து என்ன பிரயோஜனம் என்ற பயம் நமக்கு உண்டல்லவா? அந்தப் பயத்துக்கு மருந்து இந்த இரண்டாவது வார்த்தையில் இருக்கிறது.

சரி, பேதுரு இதை யாருக்கு எழுதினார்? பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று ஐந்து மாகாணங்களின் பெயர் அந்த நிருபத்தில் இருக்கிறது. இன்றைய துருக்கி நாட்டின் பெரும்பகுதி அது. அங்கே சிதறிக் கிடந்தவர்களைப் பரதேசிகள் என்று அவர் அழைக்கிறார். அவர்களில் பலர் உண்மையாகவே குடியுரிமை இல்லாமல் பிழைக்க வந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் என்று வேத அறிஞர்களில் சிலர் கருதுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் அவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வீட்டு வேலைக்காரர்களை, அதாவது எஜமான் காரணமில்லாமல் அடித்தாலும் கேட்க நாதியற்றவர்களை. நிலபுலத்தோடு இருந்தவர்களுக்கு, மேலேயும் கொஞ்சம் இருக்கிறது என்று ஆசைகாட்டி எழுதிய நிருபம் அல்ல அது. பிதிரார்ஜிதமாக எதுவும் கிடைக்க வழியில்லாத கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் வாரிசுகள் என்று சொன்ன நிருபம்.

அதே பித்தினியாவிலும் பொந்துவிலும் நடந்த ஒரு காரியம் ரோம அரசின் கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. சுமார் கி.பி. 112இல் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுத் திராயான் பேரரசனுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. உண்மையை வரவழைப்பதற்காக இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்று அதில் எழுதியிருக்கிறார். சபையில் அவர்கள் ஊழியக்காரிகளாக இருந்தார்களாம். அவர்களின் பெயரை எழுத வேண்டும் என்று பிளினிக்குத் தோன்றவில்லை. இந்தக் கூட்டத்தார் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடி, சில உறுதிமொழிகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் அறிவிக்கிறார். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம் என்பவற்றோடு ஒன்று: நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டோம்.

அந்தக் கடைசி உறுதிமொழியைச் சற்று நின்று பாருங்கள். வாடாத சொத்து மேலே இருக்கிறது என்று நம்பிய மக்கள், அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளமாட்டோம் என்று விடியற்காலையில் ஆண்டவர் முன்னால் சத்தியம் செய்தார்கள். அவர்களைப் பிடிக்காத அதிகாரி ஒருவரே எழுதிவைத்திருக்கிற சாட்சி இது.

பேதுரு சொன்ன ஐந்து மாகாணங்களில் ஒன்றான ஆசியாவில்தான் கொலோசே இருந்தது. அந்தச் சபைக்குப் பவுல் சிறையிலிருந்து எழுதி அனுப்பினார். கொண்டுபோனவர் தீகிக்கு, கூடவே ஒநேசிமு. பிலேமோனுடைய அடிமையாக இருந்த அதே ஒநேசிமுதான். அந்நாட்களில் சபை வீடுகளில்தான் கூடியது. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எஜமானும் அடிமையும் ஒரே கூரையின்கீழ் இருக்க, வாசிப்பு அடிமைகளுக்கான பகுதிக்கு வந்திருக்கும். மனப்பூர்வமாக வேலை செய்யுங்கள், சுதந்தரத்தைக் கர்த்தரிடத்தில் பெறுவீர்கள் என்பது அதன் கருத்து. ரோமச் சட்டத்தில் அடிமைக்குச் சொத்துரிமை கிடையாது. அவன் கைக்கு எது வந்தாலும் அது எஜமானைச் சேரும். அவனே ஒரு சொத்து. அடுத்த தலைமுறைக்கு அவனையும் சேர்த்துத்தான் எழுதிவைப்பார்கள். அப்படிப்பட்டவன் காதில் நீ வாரிசு என்ற வார்த்தை விழுந்தபோது அந்த அறையில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்! எஜமான்களுக்கு அந்த இடத்தில் பவுல் சொல்வது சுருக்கம்: நீதியாக நடத்துங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார்.

எப்படி ஓர் அடிமை வாரிசாக முடியும்? கூலி வேலை செய்தவனுக்குக் கிடைக்கும், சொத்து பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் பவுல் புத்திரசுவிகாரத்தை, அதாவது பிள்ளையாகத் தத்தெடுப்பதைப் பற்றி ரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதினார். சுவிகாரம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் கொலையுண்டபோது அவருடைய உயிலில் சுவிகாரப் பிள்ளையாகப் பெயர் எழுதப்பட்டிருந்த இளைஞன்தான் பிற்பாடு அகுஸ்து இராயனானான். இயேசு பிறந்த நாட்களில் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டவனும் அவனே. எழுதிவைத்தவர் மரித்தால்தான் உயில் செல்லும் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. நமக்காக எழுதிவைத்தவர் மரித்தார். மூன்றாம் நாள் எழுந்து, எழுதிவைத்ததைத் தாமே நின்று நிறைவேற்றுகிறார். நம்முடைய இரட்சிப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இதில் நாம் சம்பாதித்தது என்று ஒரு காசும் கிடையாது.

பங்கில்லாதவர்கள் வாரிசுகளானது துருக்கி தேசத்துப் பழங்கதை மாத்திரமல்ல. நம்முடைய தென்கோடியிலும் இதுவே நடந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சமுதாயம் ஒதுக்கிவைத்த மக்களில் ஒருவர். தெய்வத்தைத் தேடிச் சிதம்பரம்வரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். தன் ஜனத்துக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதன் பலனாக 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே அந்தப் பக்கம் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. ரிங்கல்தௌபே பிரஷ்ய நாட்டுக்காரர், தன் சம்பளத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். 1816இல் உடல் நலிந்து கப்பலேறினார். அதன்பின் அவர் எங்கே எப்போது மரித்தார் என்பது யாருக்கும் தெரியாது. இந்த நவம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு அவருக்கு ஒரு கல்லறைகூட இல்லை. அவர் போனபின் சபைகளைத் தாங்கிநின்றவர் வேதமாணிக்கம்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். அங்கே அடிமைமுறையை முழுவதும் ஒழிக்கிற அறிவிப்பு 1855இல்தான் வந்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். உருண்டைத் தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் மாதிரித் தாளைச் சுற்றி, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. விரற்கடை நீளம் பின்னுவதற்குள் கண் வலித்துவிடும். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். நீங்கள் தேவனுடைய பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்ட வார்த்தையைத் திங்கட்கிழமை விரல்களால் மெய்யாக்கினார்கள். பரலோகத்தை நம்பியவர்கள் பூமியில் அடங்கிக் கிடந்தார்கள் என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பெருமையோடு சொல்லிவிட்டு, அதே மண்ணில் நடந்த இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 1916இல் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் இல்லை. சில பகுதிகளில் சமபங்கு வழக்கமுள்ள சிலருக்கு விலக்கு இருந்தது, மற்றப்படி பெரும்பாலோருக்கு இதுதான் சட்டம். 1956 நவம்பர் 1 அன்று பழைய திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், பழைய சட்டம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டே இருந்தது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது: 1951இலேயே பழைய சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே இவர்களுக்கும் செல்லும். அதன்படி உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீர்ப்புக்குச் சபைகளுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. குடும்பங்கள் உடையும், ஆலயங்களில் சமாதானம் கெடும் என்றார்கள். உடன்சுதந்தரர் என்று ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிற மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் சொன்ன வார்த்தை அது. பேதுரு தம்முடைய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் புருஷர்களைப் பார்த்துப் பேசுகிறார். மனைவியைக் கனப்படுத்துங்கள், ஜீவனாகிய கிருபையை உங்களோடே கூடச் சுதந்தரிக்கிறவள் அவள், இதைச் செய்யாவிட்டால் உங்கள் ஜெபம் தடைப்படும் என்பது அவர் சொன்னதின் சாரம். மேலே ஒரே பங்கு வாங்கப்போகிற அக்காளும் தங்கையும் கீழே கால் பங்குக்குத்தான் தகுதி என்று சொல்ல எந்த வேதத்தில் இடம் இருக்கிறது?

மோசேயின் காலத்திலேயே இந்த வழக்கு தீர்க்கப்பட்டாயிற்று. செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆசரிப்புக் கூடார வாசலில் மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்று, எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். உங்களுக்குப் பரலோகத்தில் இருக்கிறது போங்கள் என்று மோசே சொல்லவில்லை. கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். யோசுவாவின் நாட்களில் நிலமும் அவர்கள் பேரில் வந்தது. எண்ணாகமத்தில் இதை வாசிக்கும்போதெல்லாம், ஐந்து பேரின் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்த ஆவியானவருக்கு நான் நன்றி சொல்லுவேன்.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஆண்டவரிடம் வந்து, சொத்தைப் பிரித்துத்தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டான் அல்லவா, ஆண்டவர் மறுத்துவிட்டாரே என்று சிலர் கேட்கலாம். மறுத்தார், உண்மைதான். பொருளாசையைப் பற்றிக் கேட்டவனையே எச்சரிக்கவும் செய்தார். பங்கு கிடைக்காதவர் நெஞ்சிலும் பேராசை முளைக்கும் என்பதை அவர் அறிவார். சகோதரி, உங்கள் நெஞ்சை நீங்களும் ஜெபத்தில் சோதித்துப்பாருங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் கண்டது நிலத்தின்மேல் ஆசை அல்ல. கூடப்பிறந்தவர்கள் உண்மையைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்களே, அதற்கு ஆண்டவரின் வார்த்தையையே கருவியாக்கிவிட்டார்களே என்ற காயம். அந்தக் காயத்தை ஆண்டவர் பொருளாசையோடு சேர்த்து எண்ணமாட்டார்.

சொத்துப் பறிபோனபோதும் சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டவர்களைப் பற்றி எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. மேலான சொத்து தங்களுக்குப் பரலோகத்தில் இருக்கிறது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அது மெய்யான விசுவாசம். தன் பங்கை மனமுவந்து தம்பிக்கு விட்டுக்கொடுத்த அக்காமார் நம் சபைகளில் எத்தனையோ பேர், அவர்களுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வசனத்தை இழந்தவர் சொல்லலாம், எடுத்துக்கொண்டவர் சொல்லக்கூடாது. பெரிய அண்ணன் இந்தப் பக்கத்தை வாசிப்பாரானால் அவரிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: மேலே உள்ள சுதந்தரம் உங்களுக்கும் உண்டு என்று நம்புகிறீர்கள்தானே? அப்படியானால் அந்த நாலு சென்ட்டு உங்களுக்கும் எதற்கு ஐயா?

பரலோக நம்பிக்கை மண்ணை மறக்கச் சொல்வதில்லை என்பதற்கு வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எரேமியா வாங்கிய வயல். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழப்போகிறது என்று முன்னறிவித்தவரும் அவரே. அந்த நேரத்தில் தகப்பனுடைய சகோதரரின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கையில் இருக்கிற நிலத்தை யார் வாங்குவார்கள்? எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்டதும் திறந்ததுமாக இரண்டு பிரதிகளைப் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்ற கர்த்தரின் வாக்கை நம்பி அவர் போட்ட கையெழுத்து அது. அவருடைய நம்பிக்கை அவரை வானத்தைப் பார்த்து உட்காரவைக்கவில்லை, பத்திரச் செலவு செய்யவைத்தது.

அவருக்கும் வெகுகாலம் முன்பு ஆபிரகாம் இருந்தார். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்குப் பெற்றவர். ஆனால் சாராள் மரித்த அன்று அடக்கம்பண்ணக்கூட அவருக்குச் சொந்த நிலம் இல்லை. ஏத்தின் புத்திரரிடம் பணிந்து கேட்டு, 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். வாக்குத்தத்த தேசத்தில் அவர் விலைகொடுத்து வாங்கியதாக நாம் வாசிக்கிற நிலத்திலே இருந்தது ஒரு கல்லறை. வாக்குக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற தைரியத்தில் அங்கே மனைவியைக் கிடத்திவிட்டு எழுந்து போனார். இந்த வாரம் கல்லறையண்டையில் நிற்கப்போகிற உங்கள் எல்லாருக்கும் அவர் முன்னோடி.

நாம் எதிர்பார்ப்பதும் ஆத்துமா மட்டும் எங்கோ மிதந்து திரிகிற ஒரு நிலையை அல்ல. சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடுகிறோம். புதிய வானமும் புதிய பூமியும் வரும், தேவன் மனுஷரிடத்தில் வாசம்பண்ணுவார், கண்ணீரைத் தம் கையால் துடைப்பார் என்றுதான் வெளிப்படுத்தின விசேஷம் முடிகிறது. சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள் என்று ஆண்டவர் மலையில் சொன்னதும் இந்தப் பூமியை நினைத்துத்தான்.

படுக்கையில் இருந்தபடி இதை வாசிக்கிற, அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் எழுதுவது எனக்கு மனப்பாடம். உபவாசம் இருக்க முடியவில்லை, ஆலயத்துக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது, வேதம் வாசிக்கக் கண் தெரியவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் பாதியில் தூங்கிப்போகிறேன், எனக்கு அங்கே இடம் கிடைக்குமா ஐயா? அம்மா, அப்பா, இந்தப் பட்டியலில் எதுவும் உங்கள் இடத்தை வாங்கிக் கொடுத்ததும் இல்லை, இனிமேல் அதைப் பறிக்கப்போவதும் இல்லை. நிலம் கிரயம் பேசி முடித்தவர் அச்சாரம் கொடுத்துவிட்டால் பின்வாங்கமாட்டார் என்று ஊரில் நம்புகிறோம். தேவன் தம்முடைய பரிசுத்த ஆவியானவரையே நமக்கு அச்சாரமாகத் தந்திருக்கிறார் என்று எபேசியருக்கு எழுதினார் பவுல். பாதி ஜெபத்தில் தூங்கிப்போன பிறகும் உங்களுக்குள்ளே ஜெபிக்கிறவர் அவர்தான். வாரிசு தூங்குவதால் உயிலில் பெயர் அழிவதில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கைக்குழந்தையை இழந்த தாய்க்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த வாரம் கிடைக்கும். பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடச் சொன்னவரின் கையில் உங்கள் குழந்தை இருக்கிறது என்பதை மட்டும் இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட சகோதரிக்கு: உண்மையை மறைத்து வாங்கிய கையெழுத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேளுங்கள், அதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை. அதற்கு முன்பு உங்கள் போதகரையும் சபை மூப்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பேசித் தீர்ந்தால் நல்லது. தீராமல் நீங்களே மனதார விட்டுக்கொடுக்க முடிவு செய்தால், அது உங்கள் முடிவாக இருக்கட்டும், உங்களுக்காக வேறு யாரும் எடுக்க வேண்டாம். உங்களுக்காக இங்கே அலுவலகத்தில் காலை ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்.

ஜனவரி இதழிலிருந்து கிறிஸ்தவர்களுக்கான வாரிசுரிமைச் சட்டத்தையும் உயில் எழுதும் முறையையும் விளக்குகிற ஒரு பகுதி தொடங்குகிறது. கேள்விகளை இப்போதே எழுதி அனுப்பலாம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் உறையின் மேலேயே குறித்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அடிமைகளாக இருந்து விடுதலையான முன்னோர்கள், லேஸ் பின்னிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டிமார், எழுத்தறியாமல் சபையைக் கட்டிக்காத்த உபதேசியார்மார் உங்கள் குடும்பத்தில் இருந்திருப்பார்கள். வீட்டில் வாய்வழியாக மட்டும் சொல்லிவருகிற அவர்கள் கதையை, பெயரோடும் ஊரோடும், தெரிந்த அளவுக்கு எழுதி அனுப்புங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பழைய புகைப்படம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். டிசம்பர் 10ஆம் தேதிக்குள் கிடைப்பவை புத்தாண்டு இதழில் வரும்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்